திரிபு

காலை ஏழரைக்கே வந்துவிட்டார் முசியே கார்பென்,
'லெ மொரிஷியென்' தாளில் சுற்றிய இரண்டு இரும்புத் துண்டுகளோடு.
ஒன்று, ரோஸ் பெல்லில் தாழ்கிற பால்கனியின்
உத்தரத்தில் அறுத்தது.
மற்றது, மாற்றிப் போட அவர் வாங்க நினைக்கும் உயர்ரகம்.

"கோலிக்குண்டை வைத்தால் நுனிக்கு உருளுது, மத்மசேல்.
வீட்டுக்காரர் பையன் வைத்துக் காட்டுகிறான்,
ஒவ்வொரு முறை நான் போகும்போதும்.
இது இரண்டு மடங்கு வலு. இதைப் போட்டால் தாழாது, இல்லையா?"

நான் பதில் சொல்லவில்லை.
நான் சொன்னால் யோசிப்பார்கள்,
எந்திரம் சொன்னால்தான் கேட்பார்கள்.

பழைய துண்டைத் தாடைக்குக் கொடுத்தேன்.
ஐம்பது மில்லிமீட்டர் இடைவெளியில்
இரண்டு கத்திமுனைகளைக் கவ்வவிட்டேன்.
திரையில் கோடு கிளம்பியது,
அடிக்குச்சி வைத்துக் கிழித்தாற்போல் நேராக.
பாதியில் நிறுத்தினேன்.
அதுவரை நீண்டது
ஒரு தலைமுடியின் பருமனில் பாதி.
விசையைத் தளர்த்தினேன். கோடு
வந்த வழியே இறங்கிச் சுழியத்தில் உட்கார்ந்தது.

"இரும்பா, ரப்பரா?" என்று சிரித்தார்.
ரப்பரைவிட ஒழுங்கு, முசியே.
ரப்பர் திரும்பும்போது கொஞ்சம் வேறு வழியில் வரும்.

பிறகு புதியது.
அதன் கோடு பழைய கோட்டின் மேலேயே ஏறியது.
ஒன்றா இரண்டா என்று
கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துப் பார்த்தார்.
பழையது முந்நூறில் தலை சாய்க்கும்,
இது அறுநூறு வரை போகும்.
ஆனால் ஏறுகிற சரிவு ஒன்றே.

வலு வேறு, விறைப்பு வேறு.
உங்கள் பால்கனி முறியவில்லை, வளைகிறது.
முறியாமைக்கு விலை கொடுத்து
வளையாமையை வாங்க முடியாது.

அறிக்கைக்காகப் பழையதை மறுபடி மாட்டி
முறியும்வரை இழுத்தேன்.
கழுத்து ஒடுங்கியது. வெடித்தது.
ஜான்-லுக் கண்ணை மூடிக்கொண்டான்,
பதினோரு வருடமாக மூடுகிற மாதிரியே.
முறிந்த இடம் தொட்டால் வெதுவெதுப்பு.
சேர்த்து வைத்து அளந்தால்
ஐம்பது, அறுபத்திரண்டாகியிருந்தது.

தமிழ்ப் பொறியியல் புத்தகத்தில் இதற்குப் பெயர் திரிபு.
சனிக்கிழமை வகுப்பிலும் இதே சொல்லை எழுதியிருக்கிறேன்,
தோன்றல், திரிதல், கெடுதல் என்று,
எழுத்தைப் பற்றித்தான் என நினைத்து.

எங்கள் ஆய்வகம் இருக்கும் ஊர் கொரமண்டல்.
சோழமண்டலம்தான் அது என்பார்கள்.
எத்தனை நாக்குகள் முனை பிடித்து இழுத்தனவோ,
விட்ட பிறகும் பழைய நீளத்துக்கு வரவில்லை.
கார்பென்னும் யாரோ ஒரு கருப்பன்,
கப்பல் பதிவேட்டில் ஒரு பேனா இழுத்த இழுப்பு.
எனக்குப் பிடித்தது இந்தக் கணக்கில் ஒரு இடம்:
எல்லை தாண்டி நீண்ட கம்பியைத் தளர்த்தினால்
கோடு சுழியத்துக்கு வராது,
தள்ளி வேறெங்கோ இறங்கும்,
ஆனால் ஏறிய அதே சரிவில்.

அவரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை.
இரும்பு அளவுகோலை மேசை விளிம்பில் படுக்கவைத்து
நுனியை அழுத்தச் சொன்னேன்.
தலையாட்டியது.
அதையே நிமிர்த்திப் பிடித்து அழுத்தச் சொன்னேன்.
அவர் கட்டைவிரல்தான் வெளுத்தது.
"அதே இரும்பு," என்றார் மெதுவாக.
அதே இரும்பு. உயரம் இரட்டித்தால்
தாழ்வு எட்டில் ஒன்று.

கொஞ்ச நேரம் உதடு அசைய
விரலால் மேசையில் எதையோ வரைந்தார்.
"உயரமான உத்தரம் போட்டால்
கீழே ஜன்னல் ஷட்டர் இடிக்குமே.
புயல் எச்சரிக்கை வந்தால் அந்த அம்மா
அதை எப்படிச் சாத்துவாள்?"

அதற்கு என்னிடம் எந்திரம் இல்லை.
ஷட்டரை உள்பக்கம் மடங்க வைக்கலாம் என்றேன்.
நுனியில் ஒரு தூண் என்றான் ஜான்-லுக்.
"தூணா! காரை எங்கே நிறுத்துவார்கள்?"

முறிந்த துண்டில் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.
பையனுக்காம்.